தலவாக்கலை கராஜ்: முன்பக்கத் துள்ளலுக்குக் கிடைத்த சரியான வைத்தியம்

முன் சொக் அப்சோபர்களையும் லோவர் ஆர்ம் புஷ்களையும் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கையின் ரப்பர் இணைப்புகள்) வேறோர் இடத்தில் மாற்றிய பின்னர், ஏ7 வீதியில் ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்கு வரும் வளைவுகளில் எங்கள் காரின் முன்பக்கம் முன்னரைவிட அதிகமாகத் துள்ளத் தொடங்கியது. புதிய பாகங்கள் பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்ற பதிலை ஏற்க மனமின்றி, தலவாக்கலை நகரை ஒட்டிய இந்தச் சிறிய கராஜுக்கு வந்தோம்.

மெக்கானிக் எதையும் கழற்ற அவசரப்படவில்லை. அதிகக் காற்றும் துள்ளலைத் தரும் என்பதால், முதலில் டயர் அழுத்தத்தை ஓட்டுநர் கதவோரம் ஒட்டப்பட்டுள்ள அளவோடு ஒப்பிட்டார். பின்னர் பொனட்டின் இரு மூலைகளையும் மாறிமாறி அழுத்தி விட்டார். இடப்பக்கம் ஒருமுறை எழும்பி அடங்க, வலப்பக்கம் ஆடிக்கொண்டே இருந்தது. கழற்றியபோது, அந்தப் புதிய சொக் அப்சோபரின் தண்டு தடையே இன்றி உள்ளே இறங்கியதையும் உறையில் எண்ணெய் கசிந்திருந்ததையும் எங்களுக்குக் காட்டினார்.

இரு பக்கமும் சோடியாக மாற்றியதுடன் அவர் நிற்கவில்லை. சக்கரங்கள் தொங்கும்போது புஷ் போல்ட்டுகளை இறுக்கினால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுகி விரைவில் கிழிந்துவிடும். ஆகவே அவற்றைத் தளர்த்தி, காரின் பாரம் சக்கரங்களில் இருக்கும்போது மீண்டும் இறுக்கினார். இத்தகைய பொறுப்புணர்வு பாராட்டுக்குரியது.

பாகங்கள் கண்டியிலிருந்து வரவேண்டியிருப்பதால் காத்திருக்க நேரிடும். சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் எலைன்மன்ட் வசதி அங்கில்லை; அதை வேறிடத்தில் செய்துகொள்ள வேண்டும்.