பறவைத் தீனிக்குழல்: கழுவ முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்

இங்கிலாந்தில் தோட்டமுள்ள வீடுகளில் பறவைகளுக்காக விதை நிரப்பி வெகுவாகத் தொங்கவிடப்படும் பொருள் பறவைத் தீனிக்குழல். நான் வாங்கியது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உடலும் உலோக மூடியும் நான்கு வாய்களும் கொண்ட நடுத்தரக் குழல். கூடவே, சிந்தும் விதைகளைத் தாங்க அடியில் மாட்டும் ஒரு தட்டு. எவ்வளவு விதை கொள்ளும், அணில் கடித்தால் தாங்குமா என்பதையெல்லாம் பெட்டியில் விரிவாக அச்சிட்டிருக்கிறார்கள். கழுவுவது குறித்து ஒரு வரிகூட இல்லை. என் பார்வையில் முதலில் சொல்லவேண்டியது அதுதான்.

காரணம், டிரைக்கோமோனாஸ் கேலினே என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. புறாக்களிடமும் அவற்றைத் தின்னும் வேட்டைப் பறவைகளிடமும் நெடுங்காலமாக அறியப்பட்டிருந்த இது, 2005இல் பிரிட்டனின் ஃபிஞ்ச் குருவிகளிடம் கண்டறியப்பட்டு, மறு ஆண்டே பெருந்தொற்றாக வெடித்தது. தொண்டையும் தீனிப்பையும் புண்ணாகி, விழுங்க முடியாமல், சிறகைச் சிலிர்த்தபடி தீனிக்கருகிலேயே சோர்ந்து உட்கார்ந்திருக்கும் பறவை, வாயிலிருந்து நழுவவிடும் எச்சில்பட்ட விதையை அடுத்த பறவை எடுக்கிறது. நோய் கடுமையாக இருந்த பகுதிகளில் ஓராண்டுக்குள், ஃபிஞ்ச் வகைகளான கிரீன்ஃபிஞ்ச் 35 விழுக்காடும் சாஃபிஞ்ச் 21 விழுக்காடும் குறைந்தன. பிரிட்டனில் சுமார் 43 லட்சமாக இருந்த கிரீன்ஃபிஞ்ச்கள் 2009க்குள் ஏறக்குறைய 28 லட்சமாகச் சரிந்தன. 2021இல் அந்த இனம் பிரிட்டனில் பாதுகாப்புக் கவலைக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றது. வாழிடமோ உணவோ திடீரென அழியாத நிலையில், ஓர் ஒட்டுண்ணியே தனித்து ஒரு பறவையினத்தின் எண்ணிக்கையை இவ்வளவு விரைவாகக் கீழே இழுக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. அன்போடு வைக்கும் தீனியே பறவைகளை நெருக்கியடித்து ஓரிடத்தில் கூட்டுகிறது என்பதுதான் இதில் உறுத்தும் பகுதி.

இந்தக் கண்ணோடு பார்த்தால் குழலுக்கு நல்ல மதிப்பெண் தரலாம். அடிப்பகுதி ஒரு திருகில் கழன்றுவிடுவதால் நீண்ட தூரிகை முழு நீளத்துக்கும் செல்கிறது. கிருமிநாசினியில் ஊறவைத்து, அலசி, முழுவதும் உலரவிட்டு மாட்டுவது எளிதாகவே இருக்கிறது. உலர்த்துவதைத் தவிர்க்கக் கூடாது, ஏனெனில் இந்த ஒட்டுண்ணி ஈரத்தில்தான் தாக்குப்பிடிக்கும். குறை, வாய்களைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் வளையங்கள்: அவை கழலுவதில்லை, மழை பெய்தால் நனைந்த உமி அவற்றின் பின்னே கட்டியாகிறது, பல் துலக்கும் தூரிகையால்தான் சுரண்டவேண்டியிருக்கிறது.

தட்டை நான் மாட்டவே இல்லை. எச்சில், எச்சம், மழைநீர் மூன்றும் தேங்குவதற்கு அதைவிட ஏற்ற இடம் கிடையாது. ஆர்எஸ்பிபி என்னும் பறவைப் பாதுகாப்புச் சங்கமே 2025இல் தட்டையான தீனி மேடைகளின் விற்பனையை நிறுத்திவைத்தது. தனியாகவும் விற்கப்படும் அந்தத் தட்டுக்குப் பணம் கொடுக்கவேண்டாம்.

அணில் தாங்குமா என்ற கேள்விக்கு: தாங்குகிறது, மூடியில் சில பற்குறிகளோடு.

வாரம் ஒருமுறை கழுவவும், இடத்தை அவ்வப்போது மாற்றவும், நோயுற்ற பறவை ஒன்று தென்பட்டாலும் குழலையும் தண்ணீர்த் தொட்டியையும் காலிசெய்து சில வாரங்கள் எடுத்துவைக்கவும் மனமுள்ளவர்களுக்கு இக்குழலைப் பரிந்துரைக்கிறேன். அவ்வளவு நேரமில்லாதவர்கள் தோட்டத்தில் விதை தரும் செடிகளை வளர்க்கலாம்; அது பறவைகளை ஒரே இடத்தில் இந்த அளவுக்கு நெருக்குவதில்லை.