வரிசையா, 'ப'வா, வட்டமா? சளிக் காலத்தில் எங்கே உட்கார வைப்பது

2025 ஜூலையில் தமிழகப் பள்ளிகளில் 'ப' வடிவ இருக்கை பற்றிப் பேச்சு வந்தபோது கழுத்து வலிக்குமா, கரும்பலகை தெரியுமா என்றுதான் வாதாடினோம். ஒரு பிள்ளைக்குச் சளி பிடித்தால் எந்த அமைப்பில் எத்தனை பேருக்குப் பரவும் என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

பழைய வரிசை முறைக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. எல்லோரும் ஒரே பக்கம் பார்ப்பதால், தும்மல் முன்னால் இருப்பவனின் முகத்தில் படாமல் பிடரியில் படும். 'ப'வில் எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள் நேருக்கு நேர். அறை அகலமாக இருந்து 20 பேர் மட்டும் என்றால் நடுவில் உள்ள இடைவெளி காப்பாற்றும். நம் ஊரில் 40 பேர். 'ப'வுக்குள் இன்னொரு 'ப' போட வேண்டி வரும், அப்புறம் இடைவெளி எங்கே?

வரிசையின் பலவீனம், எல்லோரையும் பார்த்து நிற்கும் ஒரே ஆள்: ஆசிரியர். 2021 மே மாதம் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், கொரோனா தொற்றிய ஓர் ஆசிரியர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு வகுப்பில் சத்தமாக வாசித்தார். மேசைகளுக்கிடையே 6 அடி இருந்தது. ஆனாலும் முன் இரண்டு வரிசைகளில் 10 பேரில் 8 பேருக்குத் தொற்று. பின்னால் 14 பேரில் 4 பேருக்குத்தான். கடைசி பெஞ்சுக்கு இப்படியும் ஒரு மரியாதை!

அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தாங்களே செய்து கற்கும் செயல்வழிக் கற்றலில் வந்த தரை வட்டம் கற்பதற்கு அருமையானது, மெட்ராஸ் ஐ சீசனில் மோசமானது. தலைகள் நெருக்கமாக இருக்கும், அட்டையும் பென்சிலும் கை மாறிக்கொண்டே இருக்கும், அதே கை கண்ணைக் கசக்கும்.

ஆள் குறைத்து இடம்விட்டு உட்கார வைப்பதுதான் எல்லாவற்றிலும் பாதுகாப்பு. 2021 செப்டம்பரில் பள்ளி திறந்தபோது வகுப்புக்கு 20 பேர் என்று செய்தும் பார்த்தோம். ஆனால் சுழற்சி முறையில் வந்தால் பாதிப் பாடம் போகிறது. ஒவ்வொரு சளிக்கும் அது கட்டுப்படியாகாது.

தட்டம்மைக்கோ எந்த அமைப்பும் போதாது. 1974-ல் நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டர் அருகே ஒரு பள்ளியில், ஒரே பிள்ளையிடமிருந்து 14 வகுப்பறைகளில் 28 பேருக்குக் காற்றோட்டக் குழாய் வழியே பரவியது. தட்டம்மை விஷயத்தில் தடுப்பூசிதான் பேசும்.

என்னைக் கேட்டால், சளிக் காலத்துக்கு வரிசைதான். பெஞ்சுக்கு ஐந்து பேர் என்பதை மூன்றாக்க முடிந்தால் ஆக்கலாம். முதல் பெஞ்சைக் கரும்பலகையிலிருந்து தள்ளிப் போடலாம். வாரம் ஒருமுறை இடம் மாற்றும் வழக்கத்தை அந்த மாதங்களில் மட்டும் நிறுத்தலாம். வாரத்துக்கொரு புது பக்கத்து சீட் கிடைப்பது கிருமிக்கும்தான் வசதி. ஸ்மார்ட் வகுப்பில் திரை தெரிய வேண்டும் என்று சாத்திவைத்த ஜன்னலைப் படம் முடிந்ததும் திறக்க வேண்டும். அப்படியே, நூறு சதவீத வருகைக்குக் கொடுக்கும் பரிசையும் நிறுத்திவிடுங்கள். இருமிக்கொண்டே வரும் பிள்ளைகளில் சிலர் அதற்காகத்தான் வருகிறார்கள்.