கரண்ட் போனாலும் ஓடும் ஏர் பம்ப்: வாங்கலாமா?

காரைக்குடியில் மீன் தொட்டிச் சாமான் விற்கும் ஒரு கடையில், கரண்ட் போனதும் தானாகவே பேட்டரிக்கு மாறும் சின்ன ஏர் பம்ப் ஒன்றை 850 ரூபாய்க்கு வாங்கினேன். குறையும் சொல்லப் போவதால் கம்பெனிப் பெயர் வேண்டாம். எங்கள் வீட்டு வளவில், தூணோரம் இருக்கும் இரண்டடித் தொட்டிக்கு வாங்கியது. தொட்டியில் நாலு கோல்ட் ஃபிஷ்.

சித்திரை மதியத்தில் கரண்ட் போனால் நாலும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். "பசிக்குதுடா அதுகளுக்கு, ரெண்டு பொரி போடு" என்பார் அப்பத்தா. பசியில்லை, மூச்சுத் திணறல். மீன் வாய் வழியே தண்ணீரை இழுத்து இரண்டு பக்கச் செவுள் வழியே வெளியே தள்ளுகிறது. செவுள் இதழ்களுக்குள் இரத்தம், தண்ணீர் போகும் திசைக்கு நேர் எதிராக ஓடுகிறது. அதனால் ஆக்சிஜன் ஏறிய இரத்தமும் தன்னைவிட அதிகம் ஆக்சிஜன் உள்ள தண்ணீரையே எதிர்கொள்கிறது. கடைசிவரை ஏறிக்கொண்டே போகிறது. எவ்வளவு கெட்டிக்காரச் செவுளாக இருந்தாலும் தண்ணீரில் இருந்தால்தானே எடுக்க முடியும்? 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். சூட்டில் மீனுக்குத் தேவையோ கூடுகிறது. நம் ஊர் வெயிலுக்கு இந்த பம்ப் ஆடம்பரம் இல்லை.

டப்பாவில் 'ஆக்சிஜன் பம்ப்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். உள்ளே இருப்பது ஆக்சிஜன் சிலிண்டரா என்ன? அறையில் இருக்கும் காற்றைத்தான் ஊதுகிறது. குமிழியிலிருந்து கரைவது கொஞ்சம்தான். குமிழிகள் அடித்தண்ணீரை மேலே கொண்டுவந்து மேற்பரப்பைக் கலக்குவதுதான் முக்கியமான வேலை. ஆக்சிஜன் பெரும்பாலும் அங்கேதான் இறங்குகிறது. ஆகவே ஏர் ஸ்டோனை, அதாவது ட்யூப் நுனியில் மாட்டும் குமிழி விடும் கல்லை, தொட்டியின் தரையோடு வையுங்கள். அந்த ஆழத்திலும் இந்த பம்ப் நன்றாகவே ஊதுகிறது. போட்டுவிட்டால் கரண்ட் இல்லாத மதியத்திலும் மீன்கள் கீழேயே திரிகின்றன.

இனி குறைகள். 10 மணி நேரம் ஓடும் என்று டப்பா சொல்கிறது. எனக்கு 6 மணி நேரத்தைத் தாண்டவில்லை. ராத்திரி வளவு முழுக்க உர்ர்ரென்று கேட்கும். அடியில் மடித்த துண்டு வைத்தபின் பரவாயில்லை. தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் வால்வு டப்பாவில் இல்லை. பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைத்தால், நிற்கும்போது ட்யூப் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். வால்வைத் தனியாக வாங்குங்கள், விலை அதிகமில்லை.

அப்புறம், ஃபைட்டர் மீன் மட்டும் வளர்ப்பவர்களிடமும் கடைக்காரர் இதை விற்கப் பார்ப்பார். அது செவுளோடு நிற்காமல், மேலே வந்து காற்றையும் நேராகச் சுவாசிக்கும் மீன். அதற்கு மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டால் போதும், 850 ரூபாய் மிச்சம்.