ஆமை நடையா, பறவை நோக்கலா, காட்டு வேலையா?

"பிள்ளைகளுக்கு ஆயிரம் முகாம் இருக்கு. நாற்பது வயசுல நாம இயற்கையைப் பத்தி எங்க போய்க் கத்துக்கிறது?" என்று அலுவலகத் தோழி கேட்டார். சென்னையில் இருப்பவருக்கு மூன்று இடம் சொல்லலாம். மூன்றுக்கும் போயிருக்கிறேன். ஒன்றில் கிடைப்பது மற்றொன்றில் கிடைக்காது.

முதலில் ஆமை நடை. மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் நடத்தி வருவது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். அந்த மாதங்களில் தன்னார்வலர்கள் நள்ளிரவுக்குச் சற்று முன் நீலாங்கரையில் கிளம்பி, பெசன்ட் நகர் பக்கம் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் மணலில் நடப்பார்கள். வார இறுதி இரவுகளில் நாமும் சேர்ந்துகொள்ளலாம். டார்ச் அடிக்கக் கூடாது, ஃபிளாஷ் போட்டுப் படமெடுக்கக் கூடாது.

நான் போன முதல் இரவில் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாம் முறை, சின்ன டிராக்டர் ஏறி இறங்கினது போல மணலில் ஒரு தடம். கூட வந்த கல்லூரிப் பையன் கம்பியால் மெல்லக் குத்திக் குத்திப் பார்த்தான்; ஓரிடத்தில் மணல் இளகிக்கொடுத்தது. முழங்கை மூழ்கும் அளவு கையால் தோண்டினால், கீழே அகன்ற குடம் போன்ற குழி. பிங்பாங் பந்து அளவில் வெள்ளை முட்டைகள், தொட்டால் ஓடு தோல் மாதிரி மெத்தென்று இருந்தது. நூற்றுக்கும் மேல். எண்ணி எண்ணிப் பையில் வைத்து, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே வடிவில் குழி வெட்டிப் புதைத்தார்கள். ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் குஞ்சு வரும். மணல் சூடாக இருந்தால் பெண், குளிர்ந்திருந்தால் ஆண். பொரிப்பகம் எதற்கு என்று கேட்டேன். கையை நீட்டிச் சாலை விளக்குகளைக் காட்டினான். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிப் போகும். கடலுக்குப் பதில் ஊருக்குள் போய்ச் சாகும்.

எனக்கு இதில் பிடித்தது, யாரும் நமக்காக நடத்திக் காட்டவில்லை என்பது. நாம் வராவிட்டாலும் அன்றிரவு அவர்கள் நடந்துதான் இருப்பார்கள்.

பறவை நோக்கலுக்கு வேறு சுபாவம். மெட்ராஸ் இயற்கையாளர்கள் சங்கம் 1978-இலிருந்து இருக்கிறது; அனுபவசாலிகளோடு பள்ளிக்கரணைக்கோ வேடந்தாங்கலுக்கோ காலையில் போனால் போதும், தனியாகப் பத்து முறை போய்க் கற்பதை ஒரு நாளில் கற்கலாம். நத்தை குத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளி விட்டிருக்கும். அது ஊனம் என்று பல நாள் நினைத்திருந்தேன். நத்தையைப் பிடித்துத் தின்பதற்கு வாகான அலகு என்றும், குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும் என்றும் பக்கத்தில் நின்ற பெரியவர் சொன்னார். அன்றிலிருந்து எந்தக் குளத்தைக் கடந்தாலும் அலகைத்தான் பார்க்கிறேன். பைனாகுலர் விலைதான் கொஞ்சம் இடிக்கும். முதல் சில நடைகளுக்கு இரவல் வாங்கிச் சமாளிக்கலாம். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வரும். 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று கண்ணில் பட்டதை எல்லாம் எண்ணிப் பதிவேற்றலாம், மொட்டைமாடியே போதும்.

மூன்றாவது, ஆரோவில் பக்கம் 2003-இல் தொடங்கிய சாதனா ஃபாரஸ்ட். வறண்ட செம்மண்ணில் கரை கட்டி, மழைநீரைத் தேக்கி, இந்த மண்ணுக்குரிய பசுமைமாறாக் காட்டை மீட்கிறார்கள். உடம்பு வணங்கும் வேலை, சாப்பாடு அருமை. ஆனால் இரண்டு நாளில் நீங்கள் தொடுவது குழியும் தழையும்தான். வீரை மரம் எது, காசா மரம் எது என்று பிடிபட இரண்டு வாரமாவது தங்க வேண்டும். லீவு கிடைப்பவர்களுக்குச் சரி.

தோழியிடம் நான் சொன்னது இது. ஒரே ஒரு வார இறுதிதான் ஒதுக்க முடியும் என்றால் ஆமை நடை. அதுவும் பிப்ரவரியில். ஒரு வருடம் முழுக்க, மாதம் ஒரு ஞாயிறு தர முடியும் என்றால் யோசிக்கவே வேண்டாம், பறவை. முழங்கால் வலி இருப்பவர்களும் பறவைக்கே போகலாம். மணலில் விடிய விடிய நடப்பது விளையாட்டல்ல. அவர் பிப்ரவரி சனிக்கிழமை ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறார். தண்ணீர் பாட்டிலும் பழைய செருப்பும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.