பச்சைத் தண்ணீரைப் பார்த்த பிறகும் ‘தூங்குங்கள்’ என்று சொன்ன டூலா

பிரசவத்துக்கு டூலா, அதாவது மருத்துவம் பார்க்காமல் கூடவே இருந்து தைரியம் சொல்லும் கட்டணத் துணை, வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் குழந்தை சிசேரியனில் பிறந்து, இரண்டாவதாவது சுகப்பிரசவமாக வேண்டும் என்று ஏங்குபவர்கள் கட்டாயம் படியுங்கள். எனக்கு இது நடந்தது சென்னையில். நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் என் டூலாவின் பெயரை இங்கே எழுதவில்லை.

முதல் பிரசவத்தில் லேபர் வார்டில் பதினொரு மணி நேரம் தனியாகக் கிடந்தேன். கணவரும் அம்மாவும் வெளியே நாற்காலியில். நர்ஸ்கள் இரண்டு முறை ஷிப்ட் மாறினார்கள். கடைசியாக வந்தவருக்கு என் பெயர்கூடத் தெரியாது, “மூன்றாம் பெட்” என்றுதான் கூப்பிட்டார். முடிவில் சிசேரியன். வயிற்றுத் தையல் ஆறிவிட்டது, அந்தப் பதினொரு மணி நேரம் ஆறவில்லை. இரண்டாவது முறை கருவுற்றதும் எனக்கிருந்த ஒரே ஆசை, இந்த முறை என் கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்பதுதான்.

அந்த ஆசையில் தவறில்லை என்று இன்றும் சொல்வேன். பிரசவ வலி தொடங்கியதிலிருந்து குழந்தை பிறக்கும்வரை அந்தப் பெண் விரும்பும் ஒருவர் அவளுடன் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2018இல் பரிந்துரைத்திருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட தொகுப்பு, 17 நாடுகளில் 15,000க்கும் அதிகமான பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. விடாமல் துணை கிடைத்த பெண்களுக்கு சிசேரியன் குறைகிறது, வலியெடுக்கும் நேரமும் குறைகிறது என்பது அதன் முடிவு. இதையெல்லாம் நான் தேடிப் படித்தேன். படித்ததால் டூலா என்ற பணியின் மேல் வந்த நம்பிக்கையை, என் எதிரே வந்து உட்கார்ந்த ஆளின் மேல் அப்படியே இறக்கி வைத்துவிட்டேன். நான் செய்த முதல் தவறு அது.

இன்ஸ்டாகிராம் மூலம் அறிமுகமானார். ஏழாம் மாதத்தில் வீட்டுக்கு வந்தார். என் முதல் பிரசவக் கதையை முழுவதும் கேட்டார், கேட்டுவிட்டு அழுதார். எனக்காக ஒருவர் அழுததும், கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் என் தொண்டையிலேயே நின்றுவிட்டன. கட்டணம் 40,000 ரூபாய். முன்பணமாக 25,000 ரூபாயை அவருடைய சொந்த எண்ணுக்கு ஜிபே செய்தேன். ரசீது தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு பக்க ஒப்பந்தத்தில் ‘எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது’ என்ற வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. 38ஆம் வாரத்திலிருந்து இரவு பகல் எப்போது அழைத்தாலும் வருவேன், என்னால் முடியாவிட்டால் இன்னொரு டூலாவை அனுப்புவேன் என்பதெல்லாம் வாய்ச்சொல்லாகவே இருந்தது. ஒரு வரிகூடத் தாளில் ஏறவில்லை.

அவர் காட்டிய சான்றிதழ் இரண்டு வார இறுதிகளில் நடந்த ஆன்லைன் வகுப்புக்கானது என்பது பிறகுதான் தெரிந்தது. நர்ஸும் மருத்துவச்சியும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். டூலாவுக்கு நம் நாட்டில் அப்படி அரசுப் பதிவும் இல்லை, உரிமமும் இல்லை. நாளைக்கே யார் வேண்டுமானாலும் விசிட்டிங் கார்டு அடித்துக்கொள்ளலாம். ஆகவே நீங்கள் வைத்துக்கொள்ள நினைக்கும் டூலா துணையிருந்த இரண்டு தாய்மார்களிடமாவது நீங்களே போனில் பேசுங்கள். எனக்கு அவர் காட்டியது வாட்ஸ்அப் பாராட்டுகளின் ஸ்கிரீன்ஷாட்டுகளை. அது போதும் என்று இருந்துவிட்டேன்.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். 36ஆம் வாரத்தில் அவர் சொன்னார்: “டாக்டரிடம் என்னைப் பற்றி இப்போது சொல்ல வேண்டாம்மா. தெரிந்தால் உங்களை வேறு மாதிரி நடத்துவார்கள்.” நான் சொல்லவில்லை. பிரசவ அறைக்குள் ஒருவரைத்தான் விடுவார்கள், அது கணவரா டூலாவா என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற மருத்துவமனை விதிகூட அதனால் எனக்குத் தெரியாமல் போனது. மருத்துவரிடமிருந்து மறைக்கச் சொல்லும் எவரையும் அன்றே அனுப்பிவிடுங்கள். நல்ல டூலா உங்கள் மருத்துவரைச் சந்திக்க வேண்டும் என்று அவராகவே கேட்பார்.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக என்னை மருத்துவரிடமிருந்து பிரித்தார். ஸ்கேன் எதற்கு என்றார். பழைய தையலைக் காட்டி பயமுறுத்துவது வியாபாரம் என்றார். என் மருத்துவரோ சுகப்பிரசவத்துக்கு முயன்று பார்க்கலாம் என்று மனதார ஒப்புக்கொண்டவர். ஒரு முறை சிசேரியன் ஆகி, அடுத்து சுகப்பிரசவத்துக்கு முயல்பவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் அது சுகப்பிரசவமாகவே முடிகிறது என்று எனக்குத் தைரியம் சொன்னவர். ஏறக்குறைய இருநூறில் ஒருவருக்குக் கர்ப்பப்பையின் பழைய தையல் வலியின்போது விரியக்கூடும், அதனால் வலி எடுத்தாலோ பனிக்குடம் உடைந்தாலோ உடனே வந்துவிடுங்கள், குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று அவர் கைப்படவே என் பைலில் எழுதியிருந்தார். அந்த பைல் என் தலைமாட்டு அலமாரியில்தான் இருந்தது.

38 வாரம் 5 நாள். இரவு ஒன்று பத்துக்குப் பனிக்குடம் உடைந்தது. பாத்ரூம் விளக்கில் நாப்கினைப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாக இல்லை. பாசிப்பயறு வேகவைத்த தண்ணீரைப் போல மங்கிய பச்சை, நடுவில் கொஞ்சம் கெட்டியாகத் திட்டு. கை நடுங்கப் புகைப்படம் எடுத்து 1.22க்கு அவருக்கு அனுப்பினேன். 1.31க்குப் பதில் வந்தது: “இது சகஜம்தான்மா. வெந்நீரில் குளித்துவிட்டுத் தூங்குங்கள். இப்போதே போனால் கத்தியை எடுத்துவிடுவார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒரு வலி வரும்போது கிளம்பலாம், நான் வந்துவிடுகிறேன்.”

பச்சை நிறம் என்றால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று அர்த்தம். அது சகஜமா, ஆபத்தா என்று சொல்ல ஒரு டூலாவுக்குத் தகுதி கிடையாது. அமெரிக்காவில் 1992இல் தொடங்கிய டோனா இன்டர்நேஷனல் போன்ற, டூலாக்களுக்குப் பயிற்சி தரும் அமைப்புகளின் விதியே இதுதான்: டூலா இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, குழந்தையின் துடிப்பைப் பார்க்கக் கூடாது, உள்பரிசோதனை செய்யக் கூடாது. முதுகைத் தேய்க்கலாம், மூச்சுவிடச் சொல்லித்தரலாம், மருத்துவர் சொன்னதை விளக்கிச் சொல்லும்படி கேட்க உங்களுக்குத் தைரியம் கொடுக்கலாம். வீட்டிலேயே இரு என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை.

மூன்று மணிக்கு வலி கூடியது. அழைத்தேன், எடுக்கவில்லை. நான்கு மணிக்கு போன் அணைக்கப்பட்டிருந்தது. அனுப்பிய செய்திகளுக்கு ஒற்றை டிக். அதே இரண்டு வாரத்துக்குள் தேதி குறித்திருந்த நான்கு பெண்களிடம் அவர் பணம் வாங்கியிருந்தார். அன்றிரவு அவர்களில் இன்னொருவருக்கும் வலி எடுத்திருக்கிறது. மாற்று டூலா என்று ஒருவர் இருக்கவே இல்லை.

ஐந்து மணிக்கு அம்மா எழுந்து வந்தார். டூலா பார்த்துக்கொள்வார், நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள் என்று இரண்டு மாதமாக நான் அடக்கி வைத்திருந்த அம்மா. நாப்கினைப் பார்த்தார். “தண்ணீர் பச்சையாக இருக்கிறதே. யாரைக் கேட்டு உட்கார்ந்திருக்கிறாய்? எழுந்திரு.” புடவைகூட மாற்றாமல் காரில் ஏறினார்.

குழந்தையின் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். மானிட்டர் பெல்ட் கட்டியதும் ஒவ்வொரு வலிக்கும் அது 80க்கு இறங்கியதை நானே பார்த்தேன். தியேட்டர் தயாராகும்வரை ஒரு வயதான ஆயாம்மா என் பக்கத்தில் நின்றார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. வலி வரும்போதெல்லாம் உள்ளங்கையை என் இடுப்பெலும்பில் வைத்து அழுத்தி, “இந்த வலி போகிறது பார் கண்ணு, போகிறது பார்” என்றார். 25,000 ரூபாய் கொடுத்து நான் வாங்க நினைத்தது அதைத்தான்.

சிசேரியன் செய்து எடுத்தார்கள். குழந்தை மலம் கலந்த நீரை உள்ளே இழுத்திருந்ததால் நான்கு நாள் பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்ஐசியூ) இருந்தாள். இப்போது எட்டு மாதம், நன்றாகத் தவழ்கிறாள். சீக்கிரம் வந்திருந்தாலும் சிசேரியன் ஆகியிருக்கலாம் என்று மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். “ஆனால் அந்த நான்கு மணி நேரம் எனக்குக் கிடைத்திருக்கும்” என்றார்.

மறுநாள் மாலை டூலாவிடமிருந்து செய்தி வந்தது. என் மனதில் பயம் இருந்ததால்தான் உடல் திறக்கவில்லையாம். அதற்குக் கீழேயே, மீதி 15,000 ரூபாயை எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டிருந்தார். குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும்போது தாயின் மேல் பழி போடுகிற ஒருவர் இந்தத் தொழிலில் இருக்கவே கூடாது.

பணம் கொடுத்து ஏமாந்தவர்கள், ‘திருப்பித் தரப்படாது’ என்ற வரியைப் பார்த்து விட்டுவிடாதீர்கள். நியாயமற்ற ஒப்பந்த வரிகளை எதிர்த்து முறையிட 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். நீங்கள் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வழி தெரியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். எனக்கு ரசீது இல்லாத குறையை ஜிபே பதிவும் வாட்ஸ்அப் செய்திகளும்தான் ஓரளவு ஈடு செய்தன.

அந்தப் பச்சைத் தண்ணீரின் புகைப்படம் இன்னும் என் போனில் இருக்கிறது. குழந்தையின் படங்களைத் தேடும்போதெல்லாம் அது முதலில் வந்து நிற்கிறது. அழித்துவிடு என்கிறார் கணவர். தீர்ப்பு வரும்வரை தொடாதீர்கள் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார்.