உக்கடத்துப் பிளக் ஒயர் கடை: பெட்ரோல் அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு

பிளக் ஒயர் (எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஒயர்) கேட்டால், வண்டியின் பெயரை விசாரித்துவிட்டு ஒரு பாக்கெட்டை எடுத்து மேசைமேல் போடுவதுதான் பெரும்பாலான கடைகளில் வழக்கம். கோவை உக்கடத்தில், பழைய வண்டிச் சாமான் கடைகளுக்கு நடுவே ஒரு பெரியவர் நடத்தும் சிறிய கடை வேறு மாதிரி. பெயர்ப் பலகை கிடையாது. ஒயர் சுருளில் கை வைப்பதற்கு முன் அவர் கேட்டது இது: "அம்மணி, ரோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்தீர்களா?" பிளக்குகளுக்கு மின்சாரத்தை முறைப்படி பிரித்துத் தருவது டிஸ்ட்ரிபியூட்டர்; அதற்குள் சுற்றும் முனைதான் ரோட்டார்.

எங்களுடையது அப்புச்சி வாங்கிய அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். டீசலுக்கு மாற்றச் சொன்னவர்கள் பலர், நாங்கள் மாற்றவில்லை. கிணத்துக்கடவில் தோட்டத்துச் சாளையில் வைத்து நானும் தம்பியும் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி கேஸ்கெட் மாற்றினோம். அப்போதுதான் பழைய பிளக் ஒயர்களின் தோல் வெடித்திருப்பது தெரிந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிச் சாரல் வீசும் காலைகளில் வண்டி ஏன் மிஸ்ஸிங் ஆகி இடறி ஓடியது என்பதும் விளங்கிவிட்டது. ஈரம் பட்டால் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வெடிப்பு வழியாகவே இரும்பில் இறங்கிவிடும். இருட்டில் பானெட்டைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டால் அந்தக் கசிவு நீலப் பொறியாகக் கண்ணுக்கே தெரியும்.

முதலில் வேறொரு கடையில் வாங்கிய ரெடிமேட் செட்டில் நான்கு ஒயரும் ஒரே நீளம். ஓரத்து பிளக்குகளுக்கு இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது, நடுவில் உள்ளவற்றுக்குச் சுருண்டு கிடந்தது. இழுவையில் இருக்கும் ஒயர் எஞ்சின் அதிர அதிர முனையில் கழன்றுகொள்ளும். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உக்கடம் போனோம்.

டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பையும் (ஒயர்கள் செருகும் மூடி) பழைய ஒயர்களையும் கொண்டுபோயிருந்தது நல்லதாகப் போயிற்று. பெரியவர் ஒவ்வொரு பழைய ஒயரையும் அளந்து, தாமிரக் கம்பி ஒயரை அதனதன் நீளத்துக்கு வெட்டினார். முனைகளை அழுத்திப் பொருத்தி, ரப்பர் உறை மாட்டி, பிளக் பக்கத்தில் 5 கிலோ ஓம் தடை உள்ள மூடி வைத்தார். அந்தத் தடை இல்லாமல் வெறும் தாமிர ஒயர் மட்டும் போட்டால் காரில் ரேடியோ கேட்க முடியாது, ஒரே இரைச்சல். பிறகு ஒவ்வொன்றையும் மீட்டரில் வைத்து, முள் நகர்வதை எங்களுக்குக் காட்டிய பிறகே கையில் கொடுத்தார். மெனக்கெட்டு இப்படிக் காட்டுகிற கடைக்காரர்களைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒயரைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அவர் கொடுத்த துண்டுச் சீட்டு. ஒரு வட்டம், நான்கு புள்ளி, ஓர் அம்புக்குறி. இந்த எஞ்சினின் எரிதல் வரிசை, அதாவது சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை, 1-3-4-2; ரேடியேட்டர் பக்கம் இருப்பது முதல் சிலிண்டர்; ரோட்டார் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். வரிசை சரியாகத் தெரிந்தும் திசையை மாற்றி மாட்டினால் என்ன ஆகும் என்று சீட்டிலேயே கோடு போட்டு விளக்கினார். 1-ம் 4-ம் கேப்பில் எதிரெதிரே இருப்பதால் அவை எப்படியும் சரியாக அமைந்துவிடும். 2-ம் 3-ம் மட்டும் இடம் மாறிவிடும். எஞ்சின் இரண்டு சிலிண்டரில் நடுங்கிக்கொண்டு ஓடும், கார்புரேட்டர் வழியாகவோ சைலன்சர் வழியாகவோ வெடிக்கும். வீட்டில் ரிப்பேர் செய்தவர் ஹெட் வேலை கெட்டுப்போய்விட்டது என்று பயந்து மறுபடி கழற்றுவார். ஆனால் இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டில் இல்லை, அதற்குக் கீழே உள்ள பிளாக்கில் இருக்கிறது. அதன் கிளாம்பைத் தளர்த்தாதவரை, ஹெட்டை எடுத்தாலும் டைமிங் அசையாது. ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒயர்களைப் பார்ப்பதே முறை.

சீட்டை நம்பி மட்டும் மாட்ட வேண்டாம், எஞ்சினைக் கேளுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். அதன்படியே செய்தோம். முதல் பிளக்கைக் கழற்றி, துளையில் தம்பி கட்டைவிரலை வைத்துக்கொள்ள, நான் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலை மெதுவாகச் சுற்றினேன். காற்று விரலைத் தள்ளத் தொடங்கியதும், எஞ்சின் புல்லியின் வெட்டுக்குறி, பிஸ்டன் மேலே நிற்பதைக் காட்டும் உச்சிப் புள்ளிக்கு வரும்வரை சுற்றி நிறுத்தினோம். அப்போது ரோட்டார் காட்டும் இடம்தான் 1. காற்றைக் கவனிக்காமல் புல்லிக் குறியை மட்டும் பார்ப்பது ஆபத்து. டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று வருவதற்குள் எஞ்சின் இரண்டு சுற்று சுற்றுவதால் அந்தக் குறி இரண்டு முறை வரும். அந்த இரண்டில் தவறான தடவையைப் பார்த்து மாட்டினால் நான்கு ஒயரும் எதிர்ப்பக்கம் போய்விடும்; வண்டி கிளம்பாது, திருப்பி வெடிக்கும். பிளக் இடைவெளியை 0.6 மில்லிமீட்டருக்கு வைத்து, ஒவ்வொரு முனையும் 'டக்' என்று உட்காரும்வரை அழுத்தினோம். எஞ்சின் சீராக ஓடுகிறது. சாரலிலும் காலையில் தயங்கவில்லை.

குறையும் இருக்கிறது. ஒயர்களின் எண்களை மார்க்கரால் எழுதித் தருகிறார். பெட்ரோல் துணியால் ஒருமுறை துடைத்ததும் 3 அழிந்துபோனது. எண் பொறித்த உறை போட்டுத் தந்தால் கூடுதலாகப் பணம் கொடுக்கவும் நான் தயார், அவரிடமும் சொல்லியிருக்கிறேன். இப்போதைக்கு நாங்களே நிற நிறமாக நூல் சுற்றி வைத்திருக்கிறோம். ரெடிமேட் செட்டைவிட விலை கொஞ்சம் அதிகம். பில் கேட்டால்தான் எழுதுவார். அங்கே கார் நிறுத்த இடம் தேடுவது பெரும்பாடு. பஸ்ஸில் போவது நல்லது.

போகும்போது கேப், ரோட்டார், பழைய ஒயர்கள் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் காயிலிலிருந்து கேப்புக்கு வரும் நடு ஒயரையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் நான்கு மட்டுமே தருவார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.