2ஏ கையில் வந்தாச்சு: என்ஃபீல்டா, ட்ரையம்ஃபா, சூப்பர் ஃபோரா?

சிங்கப்பூரில் 201 முதல் 400 சிசி வரையிலான பைக்குகளை ஓட்ட வேண்டுமென்றால் 2ஏ உரிமம் வேண்டும். அது கிடைத்ததும் நம் ஆட்கள் வாயில் வருவது பெரும்பாலும் மூன்று பெயர்கள். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, ட்ரையம்ஃப் ஸ்பீட் 400, அப்புறம் செகண்ட்ஹேண்டில் ஒரு ஹோண்டா சூப்பர் ஃபோர். எது நல்ல வண்டி என்று மட்டும் கேட்டால் பதில் சொல்லிவிடலாம். ஆனால் காப்பிக்கடையில் தே தாரிக் வந்து சேர்வதற்குள் பேச்சு ‘எது அசல்’ என்பதற்குப் போய்விடுகிறது, சண்டையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. என்ஃபீல்டுக்காரரிடம் “அண்ணே, அது மெட்ராஸ் வண்டிதானே, பேர் மட்டும்தானே வெள்ளைக்காரன் பேர்” என்பார்கள். ஸ்பீட் 400 வைத்திருப்பவரிடம் “அது பஜாஜ், பேட்ஜ் மட்டும் வேற”. சூப்பர் ஃபோர் என்றால் “அது ஸ்கூல் வண்டி”. மூன்றையும் ஓட்டியிருக்கிறேன். அசல் என்ற விஷயத்தில் என் ஓட்டு என்ஃபீல்டுக்குத்தான், ஆனால் புதிதாக வாங்கப் போகிறவருக்கு நான் சொல்லும் வண்டி அது இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

என்ஃபீல்டிலிருந்தே தொடங்குவோம், நம்மவர்களுக்கு அதில்தான் உணர்ச்சி அதிகம். இங்கிலாந்தின் ரெட்டிச் என்ற ஊரில் 1901இல் முதல் ராயல் என்ஃபீல்டு மோட்டார்சைக்கிள் வெளிவந்தது, 1932இல் புல்லட் என்ற பெயர் வந்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. ஆரம்பத்தில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டுவதுதான் வேலை, போகப் போக எல்லாவற்றையும் திருவொற்றியூரிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். 1970 வாக்கில் இங்கிலாந்துக் கம்பெனி மூடிவிட்டது. சென்னை நிறுத்தவில்லை. 1977இல் புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஐஷர் கம்பெனி கைக்குப் போனது, ஒரகடம், வல்லம் வடகால் என்று ஆலைகள் வந்தன. நடுவில் எத்தனையோ கஷ்டம் இருந்தாலும் வண்டி வந்துகொண்டேதான் இருந்தது. அதனால் ‘மெட்ராஸ் வண்டிதானே’ என்று யாராவது கேட்டால் கூச்சப்பட எதுவும் இல்லை, ஆமாம், மெட்ராஸ் வண்டிதான், அந்தப் பெயரை உயிரோடு வைத்திருந்ததே மெட்ராஸ்தான் என்று தலைநிமிர்ந்து சொல்லலாம்.

ட்ரையம்ஃப் பக்கம் வருவோம். ‘சுத்த இங்கிலாந்து’ என்று நினைக்கிறவர்களுக்கு: கம்பெனியைத் தொடங்கிய சீக்ஃபிரீட் பெட்மன், நூரம்பர்க்கில் பிறந்த ஜெர்மானியர். கவன்ட்ரியில் 1902இல் முதல் மோட்டார்சைக்கிள், 1959இல் புகழ்பெற்ற பான்வில் மாடல். ஆனால் 1983இல் மெரிடன் ஆலை மூடப்பட்டது, பெயரை ஜான் ப்ளூர் என்ற கட்டுமானத் தொழிலதிபர் வாங்கினார். சில வருடம் டெவனில் இன்னொருவர் உரிமம் பெற்று பழைய பான்வில்லைக் கொஞ்சமாகச் செய்துகொண்டிருந்தார், அதுவும் 1988இல் நின்றது. ஹிங்க்லியில் புது ஆலை கட்டி, புது எஞ்சின்களோடு திரும்பி வந்தது 1990களின் தொடக்கத்தில். அந்த மீட்சியை நான் மதிக்கிறேன். ஆனால் அது வேறு ஆலை, வேறு எஞ்சின், வேறு முதலாளி. இன்று ஷோரூமில் பார்க்கும் பான்வில் வரிசை பெரும்பாலும் தாய்லாந்தில் தயாராகிறது. ஸ்பீட் 400 புனேவுக்குப் பக்கத்தில் சாக்கனில், பஜாஜ் ஆலையில். ஆக, என்ஃபீல்டைப் பார்த்து ‘இந்தியா வண்டி’ என்று மூக்கைச் சுளிக்கும் ஸ்பீட் 400காரர் உட்கார்ந்திருப்பதும் இந்திய வண்டியில்தான். பிஎம்டபிள்யூ ஜி 310 ஆர்கூட நம் ஓசூரில், டிவிஎஸ் கட்டியது. பிறந்த ஊரை வைத்து இந்தச் சண்டை தீரவே தீராது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பீட் 400இல் இருப்பது கேடிஎம் எஞ்சின் என்று அடித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இல்லை. கேடிஎம் 390ம் அதே சாக்கனில் பஜாஜிடம் தயாராவதால் வந்த குழப்பம் அது. 398 சிசி எஞ்சினை வடிவமைத்தது ட்ரையம்ஃப்.

சூப்பர் ஃபோருக்கு இந்த வம்ச விருட்சம் எதுவும் தேவைப்படவில்லை. 1992இல் ஜப்பானியச் சந்தைக்காக வந்தது, 399 சிசி, நாலு சிலிண்டர், 1999இலிருந்து விடெக் (சுழற்சி ஏறும்போது கூடுதல் வால்வுகளைத் திறக்கும் ஏற்பாடு), 2022இல் உற்பத்தி நின்றது. அவ்வளவுதான் கதை. ஆனால் இந்த ஊரில் எத்தனை பேர் 2ஏ பாடத்தையே அதில்தான் படித்தார்கள்! சர்க்யூட்டில் எட்டுப் போட்டு, பிளாங்க் என்ற ஒடுக்கமான பலகையில் ஏறி, சரியாக நிறுத்தத் தெரிந்துகொண்டது அந்த வண்டியில்தான். ‘ஸ்கூல் வண்டி’ என்று சொல்வது எனக்குக் கேலியாகப் படவில்லை. எந்த வண்டி சிங்கப்பூர் ஓட்டுநரின் வண்டி என்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன்.

சரி, சாலைக்கு வருவோம்.

கிளாசிக் 350க்கு 20 குதிரைத்திறன் சொச்சம், எடை 195 கிலோ. பிஐஇ விரைவுச்சாலையில் வேக வரம்பு அதிகபட்சம் 90, அந்த வேகத்தில் எந்தச் சிரமமும் இல்லை. பூன் லேயிலிருந்து சாங்கி வரை இடது பக்கமாகவே போனாலும் மனம் நிறைந்து போகும், அதன் 27 நியூட்டன் மீட்டர் இழுவை குறைந்த சுழற்சியிலேயே கிடைப்பதால் அடிக்கடி கியர் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் துவாஸ் எல்லையைத் தாண்டி மலேசிய வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110 என்று வந்துவிட்டால் வண்டி தன் எல்லைக்குப் பக்கத்தில் ஓடுகிறது, பின்னால் வேகமாக வரும் பேருந்தைப் பார்த்து ஒதுங்கக் கையில் மிச்சம் இல்லை. பின்சீட்டில் ஆளும் இருந்தால் இன்னும் மோசம். ஸ்பீட் 400க்கு அதே இடத்தில் 40 குதிரைத்திறன், ஆறு கியர், எடையும் ஏறக்குறைய 20 கிலோ குறைவு. மலாக்கா வரை போய் வருகிறவருக்கு இந்த வித்தியாசம் சின்னது இல்லை. சூப்பர் ஃபோர் இரண்டையும்விட மென்மை, ஆறாயிரம் சுழற்சியைத் தாண்டி விடெக் திறக்கும்போது வரும் அந்தக் குரலுக்காகவே அதை விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் நிறைய.

‘அசல்’ என்பதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அது பாவனை. 2021இல் வந்த புது கிளாசிக்கில் கிக் ஸ்டார்ட் கிடையாது, உள்ளே பேலன்சர் ஷாஃப்ட் வைத்து அதிர்வைக் குறைத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் மாமா, சித்தப்பா ஓட்டிய, வலது காலில் கியர் போடும் இரும்பு எஞ்சின் புல்லட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் இதை ஏற்க மாட்டேன் என்கிறார்கள். எனக்கு இதில் குறை தெரியவில்லை, தினமும் வேலைக்குப் போகிற வண்டியில் கை மரத்துப் போவது பெருமை ஆகாது. பான்வில்லில் ஃப்யூல் இன்ஜெக்‌ஷனைப் பழைய கார்புரேட்டர் மாதிரி உறை போட்டு மறைத்திருக்கிறார்களே, அதுதான் எனக்கு ஒட்டவில்லை. அழகாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஒட்டவில்லை.

காசு. சிஓஇ, அதாவது வண்டி வைத்திருக்க எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ், பைக்குகளுக்கு 2022 இறுதியில் 13,000 வெள்ளியைத் தாண்டிப் போனது நினைவிருக்கும். பத்து வருட உரிமைக்கு வண்டி விலைக்குச் சமமாகவே கொட்டும்போது ‘எந்தப் பிராண்டு’ என்ற கேள்வியே கொஞ்சம் சுருங்கிவிடுகிறது. இதில் நம்மவர்கள் யோசிக்க மறப்பது ஒன்று: 2ஏ எடுத்து ஒரு வருடம் கழித்து, 400 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கான கிளாஸ் 2 உரிமத்துக்குப் போகலாம். மனதில் இருப்பது என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650 அல்லது பான்வில் என்றால், நடுவில் ஒரு வருடத்துக்காகப் புது 2ஏ வண்டி எடுத்து நஷ்டத்துக்கு விற்பது வீண். அந்த வருடத்தைக் குறைந்த சிஓஇ மிச்சமுள்ள ஒரு சூப்பர் ஃபோரில் ஓட்டிவிடுங்கள்.

இப்போது எனக்கு முக்கியமான விஷயம். வண்டியைவிட அந்த வண்டியைச் சுற்றியிருக்கும் ஆட்களின் பழக்கம்.

நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள், எதிரே வருபவர் நம் வலது பக்கம், வலது கையோ ஆக்சிலரேட்டரில். அமெரிக்கக் காணொளிகளில் இடது கையைத் தாழ்த்திக் காட்டும் சைகை இங்கே எதிரே வருபவர் கண்ணில் படாது, அதனால் நம் வழக்கம் தலையசைப்பு. லிம் சூ காங் ரோட்டிலோ ஓல்டு அப்பர் தாம்சன் ரோட்டிலோ ஞாயிறு காலையில் பாருங்கள். ஓல்டு அப்பர் தாம்சனில் 1961 முதல் 1973 வரை பந்தயம் நடந்திருக்கிறது, அந்த வளைவுகளில் இன்றும் நிதானமாகப் போய் வருகிறவர்கள் உண்டு. என்ஃபீல்டுக்காரர்கள் பெரும்பாலும் எல்லோருக்கும் தலையசைக்கிறார்கள், நிறுத்தினால் பேச வருகிறார்கள், ‘எந்த வருஷ மாடல்ணே’ என்று தொடங்கி அரை மணி நேரம் போய்விடும். அவர்களிடம் உள்ள குறை கூட்டமாகப் போகும்போது தெரியும்: மெர்சிங் பக்கம் போகிற கூட்டங்களில் பத்துப் பதினைந்து வண்டி வரிசையாக வலது தடத்தைப் பிடித்துக்கொண்டு எண்பதில் போவார்கள், பின்னால் வருகிறவர் என்ன செய்வார்? முன்னால் வழிகாட்டி, கடைசியில் ஒரு அனுபவசாலி, நடுவில் இடைவெளி விட்டு இடம் வலம் மாறி மாறி, ஐந்தாறு பேராகப் பிரிந்து போனால் யாருக்கும் தொல்லை இல்லை. ட்ரையம்ஃப்காரர்கள் ஓட்டுவதில் ஒழுங்கு அதிகம், கையுறை, ஜாக்கெட் எதையும் விட மாட்டார்கள், ஆனால் சின்ன வண்டிக்குத் தலையசைப்பது குறைவு. இதைச் சொன்னால் கோபப்படுவார்கள், பரவாயில்லை. சூப்பர் ஃபோர்காரர்களில் எல்லா ரகமும் உண்டு.

அந்தச் சின்ன வண்டி யாருடையது? விடியற்காலை ஜொகூரிலிருந்து கடற்பாலம் தாண்டி வேலைக்கு வரும் கப்சாய் என்ற சின்ன வண்டிக்காரருடையது, மழையில் உணவு கொண்டுபோகும் தம்பியுடையது, புது ஓட்டுநருக்கான ஆரஞ்சு பி பிளேட்டோடு பயந்து பயந்து போகும் 2பி (200 சிசி வரைக்கான உரிமம்) பிள்ளையுடையது. வருடத்துக்கு அவர்கள் ஓட்டும் தூரம் ஞாயிறு மட்டும் வெளியே எடுக்கும் பெரிய பைக்கைவிடப் பல மடங்கு. அசல் ஓட்டுநர் யார் என்று பட்டியல் போட்டால் நான் அவர்களை முதலில் எழுதுவேன். அவர்களுக்குத் தலையசைக்காதவர் எந்த பேட்ஜ் வைத்திருந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியின் பைக் வரிசையில் இது நன்றாகத் தெரியும். இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி மாட்டிக்கொண்டு நடுவில் நின்று யாரையும் விடாமல் செய்வது, கூரைக்கு அடியில் எஞ்சினை உறுமவிடுவது, இவை இரண்டும் வேண்டாம். மழைக்கு விரைவுச்சாலை மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கும்போதும் அப்படியே: வண்டியை ஓரத்தில் முன்னே தள்ளி நிறுத்துங்கள், பின்னால் வருகிறவருக்கும் இடம் வேண்டும். வீவக அடுக்குமாடி கார்பார்க்கில் பக்கத்து வண்டியைத் தள்ளித்தான் நுழைய வேண்டும் என்றால் வேறு இடம் தேடுங்கள். அடுத்தவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள், கேட்டால் பெரும்பாலும் அவரே உட்காரச் சொல்வார்.

சத்தம் பற்றி: மூன்று கூட்டத்திலும் இந்த நோய் இருக்கிறது. அங்கீகாரம் இல்லாத எக்ஸாஸ்ட் இங்கே சட்டப்படி குற்றம், அதோடு பத்தாவது மாடியில் தூங்கும் குழந்தைக்கு அது புல்லட் சத்தமா விடெக் சத்தமா என்று வித்தியாசம் தெரியாது. இரவு பத்து மணிக்கு மேல் புளோக்குக்குள் வரும்போது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் உருட்டி வாருங்கள். நம் மேல் ஊருக்கு இருக்கும் எரிச்சலில் பாதி இதனால்தான்.

ஆக, வாரத்தில் ஐந்து நாள் வேலைக்கும் மாதத்தில் ஒருமுறை மலேசியாவுக்கும் ஒரே வண்டி என்றால் ஸ்பீட் 400. தீவுக்குள்ளேயே நிதானமாக ஓட்டுவேன், எனக்கு அந்த வண்டியைப் பார்த்தாலே அப்பா ஞாபகம் என்றால் கிளாசிக், யார் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள். சூப்பர் ஃபோர் எடுக்கிறவர்கள் கொஞ்சம் கவனம். உற்பத்தி நின்றுவிட்டதால் விற்பவர்கள் கேட்கும் விலை ஏறியிருக்கிறது, சிஓஇ எப்போது முடிகிறது என்று முதலில் பாருங்கள், எக்ஸாஸ்ட் அங்கீகரிக்கப்பட்டதுதானா என்றும் பாருங்கள், மூன்று வருடம் தாண்டிய பைக்குக்கு வருடா வருடம் சோதனை உண்டு, அங்கே மாட்டிக்கொள்வது நீங்கள்தான். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே விற்பவர் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.